மல்லீஸ்வரியின் இடது கை

பேருந்து ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் மல்லீஸ்வரியின் இடது கை வேலையைத் தொடங்கிவிடும். மடியில் கைப்பை நிமிர்ந்து நிற்கும். அதன் வாரை அவள் பிடித்துக்கொள்வதில்லை, அழுத்துகிறாள். மூன்று விரல்கள் ஒரு கோலத்தில் இறங்கும், மொத்தமாக எழும், வேறொரு கோலத்தில் இறங்கும். மறுபடி பழைய கோலம். உதடுகள் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த கண்டக்டர் ஒருநாள் நின்று பார்த்தான்.

"இன்னாக்கா, பைக்கு நாடி பாக்கறியா? உசுரு கீதா?"

"கீது. உனக்கும் பாக்கட்டா? கையக் குடு" என்றாள், விரலை எடுக்காமல்.

முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கண்டக்டர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் வழிவிட்டு நிற்கிறான்.

வயது நாற்பத்திரண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் பெண்கள் பார்லரில் வேலை. புருவம் திருத்துவதில் பெயரெடுத்தவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மிச்சத்தை விரல்களில் சுற்றி முறுக்கி முகத்தின் மேல் குனிந்தாள் என்றால் நூல் கத்தரியாகிவிடும். வாயில் நூல் இருக்கிற நேரம் மட்டும் அவளால் பேச முடியாது. மல்லியக்காவின் வாயை அடைக்க உலகத்தில் அந்த ஒரு பொருள்தான் உண்டு என்று உடன் வேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். வருஷக்கணக்காக நூல் உரசியதில் இடது ஆட்காட்டி விரலில், நடு மூட்டை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. இறுக்கமான மோதிரத்தை அப்போதுதான் கழற்றியது போல இருக்கும்.

ஆனால் பார்லரில் அவளுடைய இடம் புருவ நாற்காலி அல்ல. அது ஜன்னலோரம் கிடக்கிறது. ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் செருகினால் இரண்டு நாளில் நழுவி ஓடிவிடும், உட்காருகிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து "ஐயோ" என்பார்கள். அவளுடைய இடம் ஏசிக்கு நேர் கீழே இருக்கும் சாய்வு நாற்காலி. கல்யாணப் பெண்கள் அதில்தான் படுப்பார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று நான்கு முறை வந்து பேஷியல் செய்துகொள்ளும் பெண்களுக்கு முகம் பிடித்துவிடுகிற கை மல்லியின் கை. "மல்லி இருப்பாங்கதானே?" என்று உறுதி செய்துகொண்டுதான் தாய்மார்கள் நாள் குறிப்பார்கள். பார்லரில் யார் பெரியவர் என்பதை அந்த நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

பேருந்தில் கைப்பை வாரின் மேல் அவள் பழகிப் பார்க்கும் கிடார் அவளிடம் வந்தது பழைய சாமானாகத்தான். வீட்டுக்கே வரச்சொல்லிப் பழக்கமான ஒரு வாடிக்கையாளர் கோட்டூர்புரம் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு இருக்க வெளிநாடு போனார். போகிறபோது மல்லியிடம் கொடுத்தது இரண்டு மிக்ஸி ஜாடி, ஒரு பை நிறையப் புடவை, கூடவே உறை கிழிந்த ஒரு கிடார்.

"உங்க வீட்ல பசங்க யாராவது இருந்தா குடு மல்லி."

"பசங்கன்னா எந்த வயசு வரைக்கும் மேடம்?"

அந்த அம்மாள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மல்லி சிரிக்கவில்லை. அவளுடைய ஒரே மகள் ஓசூரில் நர்ஸ். வீட்டில் மிச்சமிருப்பது அவளும், கால் டாக்சி ஓட்டும் கணவர் பாலுவும். ஆட்டோவில் கிடாரை நிற்க வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவளைப் பார்த்து பாலு வாசலிலேயே கேட்டார்:

"இன்னா மல்லி, கச்சேரி பண்ணப் போறியா, கொசு வெரட்டப் போறியா?"

"மொதல்ல உன்ன வெரட்டறேன். அப்பால கொசுவப் பாத்துக்கலாம்."

எதற்காக என்று கேட்டவர்கள் பலர். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். "நம்ம கஸ்டமருங்க யோகா கத்துக்கறாங்க, கேக்கு பண்ணக் கத்துக்கறாங்க, பானைக்குப் பெயின்ட் அடிக்கக் கத்துக்கறாங்க. யார்னா ஏன்னு கேட்டாங்களா? நான் கத்துக்கினா மட்டும் காரணம் வேணுமா?"

வகுப்பு மந்தைவெளியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. பார்லர் திறப்பதற்குள் முடிந்துவிடும். சொல்லித்தரும் சித்தார்த்தனுக்கு இருபத்தாறு வயது. வாரம் முழுக்கப் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை, வாரக் கடைசியில் தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு கிடார் வகுப்பு. மல்லி அவனை "மாஸ்டர்" என்று கூப்பிடுவாள். அவன் நெளிவான். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தூக்கம் கலையாத முகங்கள், நெற்றியில் ஒட்டிய ஈர முடி. அவர்களில் ரூஹி என்ற பத்து வயதுப் பெண் மல்லியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்க கட்டைவிரல் மேல ஏறுது பாருங்க. கீழ போகணும்."

"ஏறுதா? கொழுப்பு அதுக்கு."

"ஆன்ட்டி, பாட்டு நிக்குது. விரல் மாறலைன்னாலும் வலது கை போய்க்கிட்டே இருக்கணும்."

"அடேங்கப்பா. வண்டி நிக்காம டிரைவர் மாத்தணுமா? சரி சீனியர், மாத்தறேன்."

அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கார்ட் என்பது ஒற்றைச் சுரம் இல்லை. மூன்று நான்கு விரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு கம்பியில் இறங்கி அழுத்த வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் படுத்துவிட்டால் பக்கத்துக் கம்பி வாயை மூடிக்கொள்ளும். கொஞ்சம் தளர்ந்தால் ஈ மொய்க்கிற சத்தம் வரும். ஒரு கோலத்தைச் சரியாகப் போட்டு நிமிர்வதற்குள் பாட்டு அடுத்த கோலத்துக்குப் போயிருக்கும். ரூஹி இரண்டு வாரத்தில் தாண்டியதை மல்லி இரண்டு மாதத்தில் தாண்டினாள். இ மைனர் என்ற கார்ட் வந்தது, சி வந்தது. ஜி வந்த அன்று வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

விரல் நுனி வலியை அவள் ஆரம்பத்தில் மதிக்கவே இல்லை. "நூலு அறுத்த கை மாஸ்டர் இது. கம்பி இன்னா பண்ணிடும்?" என்றாள். ஆனால் நூல் உரசியது மூட்டுப் பக்கம். கம்பி கேட்பது நுனியை. நுனி குழந்தையின் விரல் மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் விரல் நுனி காய்த்துவிடும், வலி போய்விடும். இவளுக்குக் காய்க்கவே இல்லை. சித்தார்த்தன் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தினம் வாசிக்கறீங்களா அக்கா?"

"சாமி சத்தியமா."

"அப்புறம் எப்படி இவ்ளோ சாஃப்டா இருக்கு?"

காரணம் மறுநாள் பார்லரில் புரிந்தது. வெந்நீரில் முக்கிய துண்டு, நீராவி, வெண்ணெய் மாதிரிக் குழையும் கிரீம், அரை மணி நேரம் முகம் தேய்ப்பு. ஒரு நாளைக்கு நாலைந்து முகம். விடியற்காலையில் கம்பி இறுக்கியதைச் சாயங்காலத்துக்குள் கிரீம் இளக்கிவிடுகிறது. தினமும் அவள் முதல் நாளிலிருந்தே தொடங்கிக்கொண்டிருந்தாள்.

சித்தார்த்தன் நல்ல மனதோடுதான் சொன்னான். "அக்கா, யூகுலேலே ட்ரை பண்ணுங்களேன், குட்டி கிடார் மாதிரி இருக்கும். நைலான் கம்பி, கை வலிக்காது. ஆறு கம்பி இல்ல, நாலே நாலுதான்."

"ஏன் மாஸ்டர், மிச்ச ரெண்டு கம்பிய நீ வச்சிக்கவா?"

வாடிக்கையாளர்களின் பாதம் தேய்க்கும்போது இடது கையில் மட்டும் ரப்பர் உறை போட்டுக்கொண்டாள். பேஷியல் முடிந்ததும் ஓடிப்போய்க் கையைத் துடைத்து மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஞ்சி தட்டுவதிலிருந்து துணி பிழிவது வரை எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றினாள். அப்படி இப்படி என்று ஆடி முடிகிற நேரத்தில் நான்கு விரல் நுனியிலும் மங்கலான மஞ்சளில் தோல் கெட்டிப்பட்டது. ஜன்னல் கம்பியில் தட்டினால் டொக் டொக் என்றது. பாலுவின் முழங்கையில் கீறிக் காட்டினாள். "இன்னாடி இது, பல்லி நடக்கிறா மாதிரி" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எஃப் வந்தது. அதாவது, வரவில்லை. மற்றவற்றில் விரல் நுனிக்கு மட்டும் வேலை. எஃப்பில் ஆட்காட்டி விரல் ஆறு கம்பிக்கும் குறுக்கே தாழ்ப்பாள் மாதிரிப் படுக்க வேண்டும், மற்ற மூன்று விரல்களும் அதற்கு முன்னால் நின்று தங்கள் வேலையைச் செய்ய வேண்டும். கிடாரைத் தூக்கிப் பரணில் போட்டவர்களில் பாதிப் பேர் எஃப்பில் போட்டவர்கள்தான் என்று சித்தார்த்தன் சொல்வான். மல்லிக்கு ஐந்து கம்பி பேசியது. கீழிருந்து இரண்டாவது கம்பி மட்டும் பேசவில்லை. அழுத்தினாள், கட்டைவிரல் மரத்துப்போகும் வரை அழுத்தினாள். பேசவே இல்லை.

"இப்போதைக்கு சின்ன எஃப் போடுங்க அக்கா. ஆட்காட்டி விரல் ரெண்டு கம்பிய மட்டும் புடிச்சா போதும். நிறைய பேர் அப்படித்தான் வாசிக்கறாங்க."

"பாதி புருவம் எடுத்து கஸ்டமர அனுப்புவனா நானு? போ மாஸ்டர்."

புரட்டாசிக் கடைசியில் மயிலாப்பூரிலிருந்து விஜயராகவன் வீட்டு மாமி பேஷியலுக்கு வந்தார். பல வருஷத்து வாடிக்கை. கண்ணை மூடிப் படுத்திருந்தவர் பாதியில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏண்டிம்மா, கைல என்ன வச்சிண்டிருக்க? ஒரு கன்னம் பட்டா இருக்கு, ஒரு கன்னம் உப்புத்தாளா இருக்கு!"

"கிடார் கத்துக்கறேன் மாமி. கம்பி பட்டு காச்சிருச்சு."

"கிடாரா? பேஷா கத்துக்கோ. எங்காத்துல என் பேரன்கூட கத்துண்டுதான் இருந்தான். ஆனா என் கன்னத்துல வாசிக்காதே!"

மாமிக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. போகிறபோது கல்லாவிலும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கல்லாவில் இருந்த பார்லர் உரிமையாளர் ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை. மல்லியின் மகள் படிப்புக்காக விடுப்பும் முன்பணமும் கேட்டபோதெல்லாம் கேள்வி கேட்காமல் கொடுத்தவர். ஆனால் அந்தச் சாய்வு நாற்காலியின் பெயரில்தான் பார்லரே நடக்கிறது. மல்லியை உள்ளே கூப்பிட்டு, இடது கையை வாங்கி, தன் கன்னத்திலேயே தேய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"மல்லி, ஐப்பசி முகூர்த்தம் வருது. அடுத்த வெள்ளிக்கிழமை தி.நகர்லேருந்து ஒரு பொண்ணு வரா. பட்டுக் கடைக்காரங்க வீட்டுப் பொண்ணு. அவ மூஞ்சில கீறல் விழுந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"வலது கையிலயே பண்றேன் மேடம்."

"ஒரு கையால மசாஜா? என்ன வெளையாடறியா?" மேசை இழுப்பறையைத் திறந்து, பாதம் தேய்க்கும் கட்டை ஒன்றை எடுத்து வைத்தார். புதுசு. தட்டையான மரக் கைப்பிடி, ஒரு பக்கம் சொரசொரப்பு. "இத வச்சு தேச்சு சரி பண்ணிக்க. தெனம் கிரீம் போடு. கிடார கொஞ்ச நாள் ஓரமா வை. இல்லன்னா வெள்ளிக்கிழமை நம்ம சின்னவ ரேகா பண்ணட்டும். அதுக்கப்புறம் அவளே பண்ணட்டும். மாத்தி மாத்தி ஆள் நிறுத்தினா கஸ்டமர் நிக்க மாட்டாங்க. ஹாபி ஹாபியா இருக்கணும் மல்லி."

கண்டக்டருக்கும் கணவருக்கும் மாஸ்டருக்கும் உடனுக்குடன் பதில் கொடுத்தவள், அந்தக் கட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள். வாயில் நூல்கூட இல்லை. வெளியே இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, பாலு குளிக்கப் போயிருந்தபோது, கட்டையை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருடைய குதிகாலைத் தேய்த்த கைக்கு அது தெரியாத வேலை இல்லை. மோதிர விரல் நுனியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். நைட்டியின் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. அதை அவள் ஊதித் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனை விடியற்காலைப் பயிற்சியும், மின்விசிறிக்கு நேராக நின்ற அத்தனை நேரமும் ஒரு சிட்டிகை கோலமாவு அளவுக்குத்தான் இருந்தது. கட்டையைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"தேச்சாச்சா?" என்றார் துண்டோடு வந்த பாலு.

"தேயலை."

"தேயலையா, தேய்க்கலையா?"

"ஒனக்கு வண்டிக்கு நேரமாவல?"

அந்த வாரம் பார்லரில் அவள் குறைவாகப் பேசினாள். புதன்கிழமை ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். ஆடும் நாற்காலியை முழங்காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு, பல்லில் நூலோடு குனிந்திருந்தாள். நூலைப் புதிதாகச் சுற்றி இழுத்தபோது அது ஆட்காட்டி விரலில் இருந்த பள்ளத்துக்குள் தானாகப் போய்ப் படுத்தது. மேலே எதுவும் தெரியவில்லை. விரலைத் தடவினால் நூல் இருப்பதே தட்டுப்படவில்லை. மல்லியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா? ரொம்ப எடுத்துட்டீங்களா?" என்று அந்தப் பெண் பயந்துபோனாள்.

"ம்ம்ம்" என்று தலையாட்டினாள் மல்லி. இல்லை என்று அர்த்தம். நூலைத் துப்பிவிட்டு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "சனியன் புடிச்ச கம்பி. இங்க வந்துதான் படுத்துக்கினு கீது."

விரல் பலவீனமாக இல்லை. அழுத்தம் போதாமலும் இல்லை. எஃப் பிடிக்கும்போது நூல் வெட்டிய வாய்க்கால் சரியாக இரண்டாவது கம்பிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் கம்பி அந்த வாய்க்காலுக்குள் சொகுசாகப் படுத்திருக்கும். சித்தார்த்தனுக்கு அது எப்படித் தெரியும்? அவனிடம் படிக்கிற யாருடைய விரலிலும் அப்படி ஒன்று இல்லை.

வியாழக்கிழமை காலை பாலு டீ டம்ளரோடு நின்றிருந்தார். மல்லி கட்டில் விளிம்பில் கிடாரோடு உட்கார்ந்து, ஆட்காட்டி விரலை ஒரு நெல் அளவு மேலே ஏற்றிப் படுக்க வைத்தாள். பள்ளம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் போனது. மற்ற மூன்று விரல்களையும் நிறுத்தினாள். வலது கையால் மேலிருந்து கீழே இழுத்தாள்.

ஆறும் பேசின.

பாலு டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாது அது? ரேடியோ கணக்கா."

"எஃப்."

"இன்னொரு தபா அடி."

அடித்தாள். இரண்டாவது கம்பி மூச்சு விடவில்லை. விரலைத் தூக்கி, உதறி, மறுபடி வைத்தாள். இந்த முறை ஆறும் பேசின. பாலு போனில் வந்த ஒரு சவாரியை வேண்டாம் என்று தட்டிவிட்டு, டீ ஆறும் வரை அங்கேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை பட்டுக் கடை வீட்டுப் பெண் அம்மாவோடும் அத்தையோடும் வந்து இறங்கினாள். ஜெயஸ்ரீ அவர்களை உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மல்லியைக் கண்ணால் உள்ளே கூப்பிட்டார். அவர் கேட்கும் முன்பே மல்லி இடது கையை மேசை மேல் மல்லாத்தி வைத்தாள். ஜெயஸ்ரீ ஒரு விரலைத் தொட்டார். தொட்ட இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"தேய்க்கலையா?"

"ஒரு வெரல்ல ரெண்டு இழுப்பு இழுத்தேன் மேடம். அத்தோட சரி."

"யோசிச்சுதான் பண்றியா? எத்தனை வருஷமா உன் நாற்காலி அது. வீணா போறியே மல்லி."

"போறது நாற்காலிதான மேடம். நான் எங்க போறேன்? இங்கதான் கீறேன்."

ஜெயஸ்ரீ கையை எடுத்துக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்து, "ரேகா" என்று குரல் கொடுத்தார்.

ரேகாவுக்கு இருபத்து மூன்று வயது. கிரீம் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, நீங்க இருக்கும்போது நான் எப்படிக்கா..." என்று முணுமுணுத்தாள். மல்லி தன் ஏப்ரனைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு முறை இறுக்கினாள்.

"தாடையில கீழேர்ந்து மேல போ. கண்ணுக்குக் கீழ மோதிர விரலு மட்டும். அவசரப்படாத. பொண்ணு தூங்கிட்டா நீ ஜெயிச்சேன்னு அர்த்தம், போ."

ஏசிக்குக் கீழே அந்தப் பெண் சாய்ந்து கண்ணை மூடினாள். அவளுடைய அம்மா மல்லியைப் பார்த்தார், ரேகாவைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்து ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார். ஜெயஸ்ரீ சிரித்தபடி அவரை மோர் குடிக்கச் சொன்னார்.

மல்லி ஜன்னலோரம் போனாள். புருவத்துக்கு வந்திருந்த அம்மாள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, அது ஒரு பக்கம் சாயவும் "ஐயோ" என்று எழுந்து நின்றார். மல்லி குனிந்து பார்த்தாள். மடித்த அட்டை வழக்கம்போல் நழுவித் தள்ளிக் கிடந்தது. அவள் கைப்பையைத் திறந்து பாதம் தேய்க்கும் கட்டையை எடுத்தாள். தட்டையான பக்கம் மேலே வரும்படி திருப்பி, குட்டைக் காலுக்கு அடியில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே இறக்கினாள். எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு நூலின் முனையைப் பல்லில் கடித்தாள்.